அரவை மில் வாசல் பைரவர்

இதை எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். பேனாவை எடுப்பேன். பிறகு வேண்டாம் என்று வைத்துவிடுவேன். இப்படியே சில வருஷங்கள் ஓடிவிட்டன. பயம்தான் காரணம். சாமி சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஒரு சொல் தவறி விழுந்தாலும், நான் தெய்வத்தைக் கேலி செய்கிறேன் என்று படிப்பவர்கள் நினைத்துவிடுவார்கள். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. குளித்து, நெற்றிக்கு இட்டு, கோயில் வாசலில் நின்று ஒரு கும்பிடு போடாமல் ஒருநாளும் மில் சுவிட்சைத் தொட்டதில்லை. இன்னொரு காரணம் என் தங்கச்சி. நடந்ததில் அவளுக்கும் பங்கு உண்டு. அவளை நாலு பேர் முன்னால் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. போன பொங்கலுக்கு வந்தபோது அவளே சொல்லிவிட்டாள்: "எழுதுண்ணா. நான் சேத்த வரியையும் சேத்தே எழுது. நாலு பேரு தெரிஞ்சிக்கினா நல்லதுதானே." அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நடந்ததை நடந்தபடி சொல்ல மட்டும்தான் தெரியும்.

திண்டிவனத்தில் நான் ஒரு அரவை மில் நடத்துகிறேன். கேப்பை, கோதுமை, அரிசிக்கு ஒரு மெஷின். மிளகாய், மல்லிக்கு இன்னொன்று. நானும் என் வீட்டுக்காரியும் மட்டும்தான். மில் இருக்கிற ரோடு ஹைவேக்குப் போகிற ரோடு. மணல் லாரி, காலேஜ் பஸ், சரக்கு ஆட்டோ என்று எந்நேரமும் ஏதாவது ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பும்.

ஒரு மழைக்காலத்தில் அந்த வாசலுக்கு ஒரு கருப்பு நாய் வந்து சேர்ந்தது. பொட்டை நாய். ஏதோ வண்டி அடித்து, பின்னங்கால் ஒன்று முறிந்து, தானாகவே கோணலாகக் கூடியிருந்தது. மூன்று காலில் நொண்டி நொண்டி வந்து, படியில் சுருண்டு படுத்துக்கொண்டது. என் வீட்டுக்காரி மத்தியானச் சோற்றில் ஒரு கை அள்ளி வைத்தாள். அதோடு அது எங்களை விடவில்லை. மாவு அரைக்க வருகிற பெண்களும் 'மில்லு நாய்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

தெரிந்த ஆட்டோவில் ஏற்றி அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த டாக்டரம்மா நல்ல மாதிரி. காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இனிமேல் அதை நிமிர்த்த முடியாது என்றார். வெறிநாய்க்கடி ஊசி போட்டார். குட்டி போடாமல் இருக்க ஆபரேஷனுக்கும் ஏற்பாடு செய்து, பிறகு முடித்தும் கொடுத்தார்.

"ஆனா ரோட்டுல விட்டீங்கன்னா இது தாங்காதுங்க. வண்டி வந்தா இதால ஒதுங்க முடியாது. சுத்துச்சுவரோ வேலியோ இருக்கிற வீடா பாத்துக் குடுத்துடுங்க" என்றார்.

"யாரு எடுத்துக்குவாங்கம்மா? ஜாதி நாயா, ஒண்ணா?"

"ஃபேஸ்புக்குல நம்ம விழுப்புரம் ஜில்லாவுக்கே ஒரு தத்துக் குழு இருக்கு. போட்டோ எடுத்து, உள்ளதை எழுதிப் போடுங்க. கேக்குறவங்க கேப்பாங்க."

அவர் சொன்னது சரி என்று அந்த வாரமே தெரிந்தது. லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்தபோது நாய் எழுந்திருக்கத் தடுமாறி, டயருக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இல்லாமல் தப்பியது. என் வீட்டுக்காரி போட்ட சத்தத்தில் லாரிக்காரரே இறங்கி வந்துவிட்டார். எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள வழியில்லை. குடியிருப்பது வாடகை வீட்டு மாடி. படியோ செங்குத்து. வீட்டுச் சொந்தக்காரர் ஒரு கோழிக்குஞ்சு வளர்க்கக்கூட விடமாட்டார். மில்லுக்குள் விடவும் முடியாது. மாவில் ஒரு முடி கிடந்தால் பிழைப்பு போயிற்று. ஆக, ஒரு வீடு கிடைத்தால் நாய் பிழைக்கும். கிடைக்காவிட்டால் என்றைக்காவது ஒருநாள் எங்கள் கண் முன்னால் போய்விடும். அதுதான் என் கவலை.

சரி, போட்டோ எடுத்துப் போட்டுவிடுவோம் என்று உட்கார்ந்தேன். எனக்கு ஃபேஸ்புக் அவ்வளவாகப் பழக்கமில்லை. வாட்ஸ்அப் பழக்கம். அதிலும் எங்கள் சிவன் கோயில் பிரதோஷக் குழு ஒன்றுதான். காலையில் எழுந்ததும் சாமி படம், இன்றைய ராசிபலன், எந்தக் கிழமையில் எந்த விளக்கு ஏற்றினால் என்ன பலன், இதெல்லாம் வரும். நானும் அனுப்புவேன். போனில் எழுதுவது என்றால் எனக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றே.

நாய் படியில் படுத்திருந்தது. அந்தப் படியில்தான் மெஷினின் துணிக்குழாய் வழியாக மாவுத் தூசு பறந்து விழும். கருப்பு உடம்பெல்லாம் லேசாக வெள்ளை. போட்டோ எடுத்துப் பார்த்தால், நெற்றியில் மட்டும் குறுக்காகப் பட்டை போட்ட மாதிரி மாவு படிந்திருந்தது. பார்க்க எனக்கே சிலிர்த்தது. மறுபடி எடுக்கவில்லை. அதையே போட்டேன். கீழே இப்படி எழுதினேன்:

'ஓம் நமசிவாய. அடியார்களே, நம் ஊர் மில் வாசலுக்கு ஒரு பைரவர் வந்திருக்கிறார். கால் சரியில்லை. வீடு தேவை. காம்பவுண்டு உள்ள அன்பர்கள் இவரை அழைத்துப் போய் அடைக்கலம் கொடுத்தால் ஈசன் அருள் உண்டாகும். பகிரவும்.'

கூடவே கைகூப்பும் படம், தாமரைப் பூ, தீபம் எல்லாம் வரிசையாக வைத்தேன். என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது? பொட்டை நாயைப் போயி அவரு, இவருன்னு எழுதிக்கினு."

"பைரவரும்மே. மரியாதையா சொல்லணும்."

"மரியாதை கெடக்கட்டும். எடுத்துக்கினு போறவங்க குட்டி போடுமான்னு கேட்டா, பைரவரு ஆபரேஷன் பண்ணிக்கினாருன்னு சொல்லுவீங்களா?"

நான் சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டேன். பைரவருக்கு நாய் வாகனம், ஊரில் நாயைப் பார்த்தாலே பைரவர் என்று சொல்லுகிறவர்கள் உண்டு, இதில் என்ன தப்பு என்றுதான் நினைத்தேன்.

விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்த என் தங்கச்சிக்கும் அனுப்பினேன். அடுத்த நாளே அவளிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, உன் பைரவரு எங்க ஊரெல்லாம் சுத்திக்கினு வர்றாரு! எங்க தெருக் குழு, பால்காரர் குழு, என் ஓரகத்தி ஊட்டுக் குழு, எல்லாத்துலயும் வந்திச்சி!"

"யாராவது எடுத்துக்கறேன்னாங்களா?"

"அதெல்லாம் வருவாங்க பாரு" என்றாள்.

வந்தார்கள். ஆனால் எடுத்துக்கொள்ள வரவில்லை. முதலில் ஒரு அம்மா, கோதுமை மூட்டை எதுவும் இல்லாமல், கையில் ஒரு தூக்குவாளியோடு மில்லுக்குள் நுழைந்தார். "பைரவரு இங்கதானேங்க?" என்றார். தயிர் சாதம் கொண்டுவந்திருந்தார். எனக்குப் புரியவில்லை. அவர் போனை நீட்டினார். நான் அனுப்பிய அதே போட்டோ. கீழே எழுத்து மட்டும் வேறு.

நெற்றியில் விபூதியோடு அவதரித்த அதிசய பைரவர் என்று ஆரம்பித்தது. தேய்பிறை அஷ்டமி அன்று இவருக்குத் தயிர் சாதம் வைத்தால் நினைத்த காரியம் கைகூடும். தடைபட்ட கல்யாணம் நடக்கும். கோர்ட் வழக்கு ஜெயிக்கும். வெளிநாட்டு வேலை கிடைக்கும். இதை உடனே மற்றவர்களுக்கு அனுப்பியவருக்கு நல்ல சேதி வரும், அலட்சியம் செய்தவருக்கு நஷ்டம் வரும். என் மில் இருக்கிற தெரு, அடையாளம் எல்லாம்கூட யாரோ சரியாகச் சேர்த்திருந்தார்கள். 'வீடு தேவை' என்கிற வரி மட்டும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

தேய்பிறை அஷ்டமி அன்று மெஷினை ஓட்டவே முடியவில்லை. செஞ்சிப் பக்கம், ஓமந்தூர்ப் பக்கம், விழுப்புரத்திலிருந்து வேன் பிடித்து என்று ஜனங்கள் வந்தார்கள். சிலர் கையில் வடை மாலை. சிலர் கேசரி, பால், பிஸ்கட், லட்டு. பூசணிக்காயைப் பாதியாக அறுத்து, எண்ணெய் விட்டு, என் படியிலேயே விளக்கேற்றினார்கள். மெஷின் ரூம் பக்கம் நெருப்பு கூடாது என்று நான் கத்தினது யார் காதிலும் விழவில்லை.

ஒருத்தர் நாயின் முகத்தைக் குனிந்து பார்த்தார். "விபூதி எங்கங்க? போட்டோவுல இருந்திச்சே?"

"அது கேப்பை மாவுங்க. படியில படுக்கும்போது மேல விழுந்தது."

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "பாத்தியா, இன்னா அடக்கம்! மில்லுக்காரரு மறைக்கிறாரு."

தெருவில் கிடந்து வளர்ந்த நாய் அது. வைத்ததையெல்லாம் தின்றது. வடையை மாலையிலிருந்து உருவித் தின்றது. நான் நடுவில் புகுந்து, "போதும்ங்க, போதும்ங்க" என்று தடுத்தால், "பைரவரு சாப்புடுறதைத் தடுக்கிறீங்களே, உங்களுக்கே நல்லதா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் என் கை மடங்கிவிட்டது. நானும் கும்பிடுகிறவன்தானே.

வந்தவர்களில் வசதியானவர்கள் இருந்தார்கள். பெரிய சுற்றுச்சுவர் வைத்த வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டேன்: "நீங்க கூட்டிக்கினு போறீங்களா? நல்ல நாய்ங்க. ரோட்டுல வண்டியில மாட்டிக்கும்."

"ஐயையோ, சாமியப் போயி எப்படிங்க சங்கிலியில கட்டுறது? பாவம் சுத்திக்கும்."

"நாங்க கவுச்சி துன்ற ஊடுங்க. இவருக்கு ஆவாது."

இதைக் கேட்டு என் வீட்டுக்காரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். கோழி எலும்புக்குக் குப்பைத்தொட்டியையே கவிழ்க்கிற நாய் அது. இன்னொரு ஆள் ஒத்துக்கொள்கிற மாதிரி வந்தார். அவர் சம்சாரம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "வூட்டுல தீட்டு நாள்ல நான் எங்க போயி நிக்கிறது? சும்மா வாங்க" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். தெருநாயாக இருந்தவரை அதற்கு வீடு கிடைக்க ஒரு வழியாவது இருந்தது. சாமி ஆனபிறகு அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

மறுநாள் காலையில் மில்லைத் திறக்கப் போனால் நாய் படியில் இல்லை. பக்கத்துச் சாக்கடை ஓரமாகக் கிடந்தது. சுற்றிலும் வாந்தி. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வழியெல்லாம் பைரவா, பைரவா என்று வாய் சொல்லிக்கொண்டே வந்தது. எந்த பைரவரைக் கூப்பிடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அது முனகியது.

"இன்னா குடுத்தீங்க?"

"நான் ஒண்ணும் குடுக்கலைங்கம்மா. ஊரே குடுத்திச்சி."

நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஊசி போட்டுக்கொண்டே, "எண்ணெய்ப் பலகாரம், இனிப்பு, பால், இத்தனையும் ஒரே நாள்ல நாய்க்கு ஆவாதுங்க. இந்தத் தடவை பாத்துடலாம். அடுத்த அஷ்டமிக்கும் இப்படி ஆச்சின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். பிறகு, "தத்துக் குழுவில போடச் சொன்னேனே, போட்டீங்களா?" என்றார்.

"கோயில் குழுவுல போட்டேம்மா."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. குளுக்கோஸ் ஏற்றினார். பாட்டிலை மாட்ட இடமில்லாததால் நான் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து விழுப்புரத்திலிருந்து தங்கச்சி வந்து இறங்கினாள். அஷ்டமி அன்று வர முடியவில்லை என்று அடுத்த நாள் பைரவரைப் பார்க்க, டிபன் பாக்ஸில் தயிர் சாதத்தோடு வந்திருக்கிறாள். மில்லில் என் வீட்டுக்காரி அவளைப் பார்த்ததும் கையைப் பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

நாய் தரையில் கிடக்கிற கோலத்தைப் பார்த்ததும் தங்கச்சி அப்படியே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, அந்தத் தயிர் சாத வரி நான் எழுதனதுண்ணா."

"எந்த வரி?"

"அஷ்டமிக்குத் தயிர் சாதம் வச்சா காரியம் கைகூடும்னு. அது ஒண்ணுதான் நான் சேத்தேன். மத்ததெல்லாம் யாரு சேத்தாங்கன்னு தெரியாது. சும்மா ஊடு வேணும்னு போட்டா யாரும் அனுப்ப மாட்டாங்கண்ணா. பலன் இருந்தாத்தான் அனுப்புவாங்க. நாலு பேரு பாக்கட்டும்னுதான்…" என்று அழுதாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னது பொய்யும் இல்லை. நானே எத்தனை சேதியைப் பலன் பார்த்து அனுப்பியிருக்கிறேன். என் வீட்டுக்காரிதான் நாத்தனாரைப் பார்த்துச் சொன்னாள்: "அழுது இன்னா ஆவப் போவுது? எழுதின கைதானே, இந்தா, இந்தப் பாட்டிலைப் புடி. உங்க அண்ணனுக்குத் தோள் விட்டுப் போயிருக்கும்."

தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து பாட்டிலை வாங்கினாள். மத்தியானம் வரைக்கும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். நாய் தலையைத் தூக்கி, வைத்த தண்ணீரை நக்கியதும் மூன்று பேருக்கும் மூச்சு வந்தது.

சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். பைரவர் சன்னதியில் கூட்டமில்லை. நேற்றைய எண்ணெய்ப் பிசுக்கைக் குருக்கள் துடைத்துக்கொண்டிருந்தார். மன்னித்துவிடு என்று கேட்கத்தான் நின்றேன். அப்போது சாமிக்குப் பின்னால் நிற்கிற கல் நாயைப் பார்த்தேன். எத்தனையோ வருஷமாகக் கும்பிடுகிற சன்னதி, ஆனால் அந்த நாயை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அது சாமியின் காலை ஒட்டி நிற்கிறது. தலையைத் தூக்கிச் சாமி முகத்தைப் பார்க்கிறது. கல் நாய்க்கே ஒரு எஜமான் இருக்கிறார். ரோட்டில் ஒன்றை விட்டுவிட்டு, அதுதான் சாமி என்று சொல்லி வடை மாலை போட்டால் அது யாரைப் பார்த்துத் தலையைத் தூக்கும்? அதற்கும் ஒரு ஆள் வேண்டும். அவ்வளவுதான். இதில் சாமிக்குக் குறைச்சல் ஒன்றும் இல்லை என்று தோன்றியது. நெஞ்சில் இருந்த பாரம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தபிறகு நாய் தேறியது. தங்கச்சி ஊருக்குப் போகாமல் கூடவே இருந்தாள். நாயை மில்லுக்குப் பின்பக்கம் கொண்டுபோய் நன்றாகக் குளிப்பாட்டினோம். மாவு, குங்குமம், எண்ணெய் எல்லாம் போயிற்று. சுண்ணாம்புச் சுவர் ஓரமாக நிறுத்தி, கோணல் கால் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்தோம். தங்கச்சி என் போனில் அந்தத் தத்துக் குழுவைத் தேடிச் சேர்த்துவிட்டாள்.

"இப்ப எழுதுங்க. பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட சொல்ற மாதிரி எழுதாதீங்க. பக்கத்து ஊட்டுக்காரி அந்தப் பொண்ணைப் பத்தி சொல்லுவா பாருங்க, அந்த மாதிரி எழுதுங்க" என்றாள் என் வீட்டுக்காரி.

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'கருப்பு நாய். பெட்டை. பின்னங்கால் ஒன்று ஊனம், சரியாகாது. ஊசி போட்டாச்சு. குட்டி போடாது. கறி, மீன், எலும்பு எல்லாம் சாப்பிடும். இடி இடித்தால் எதற்காவது அடியில் போய் ஒளியும். செருப்பைக் கடிக்கும். ஆளைக் கடித்ததில்லை. காவலுக்கு ஆகாது, சும்மா குரைக்கும். வேலி உள்ள வீடு வேண்டும். ரோட்டு ஓரம் வேண்டாம்.'

"ஓம் நமசிவாய போடலையாண்ணா?" என்றாள் தங்கச்சி.

"மனசுல சொல்லிட்டேன்" என்றேன்.

தங்கச்சியும் சும்மா இருக்கவில்லை. பழைய சேதியை அனுப்பிய குழு ஒவ்வொன்றிலும், 'அந்தத் தயிர் சாத வரி நானாக எழுதியது. நாய்க்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. யாரும் போய் எதுவும் கொடுக்க வேண்டாம். அதற்கு வீடுதான் வேண்டும்' என்று தன் குரலிலேயே பேசி, வாய்ஸ் மெசேஜாகப் போட்டாள். அவள் ஓரகத்தி அதைக் கேட்டுவிட்டு, "பைரவரு கோவிச்சிக்கப் போறாரு" என்று பயமுறுத்தினாளாம். தங்கச்சி, "பாட்டில் புடிச்சேன்க்கா. கோவம் தீந்திருக்கும்" என்றாளாம்.

போன் வர ஆரம்பித்தது. ஒருத்தர் குட்டியாக இருந்தால் பரவாயில்லை என்றார். ஒருத்தர் பெட்டை என்றதும் வைத்துவிட்டார். ஒருத்தர் தோப்புக் காவலுக்கு என்றார். காவலுக்கு ஆகாது என்று எழுதியிருக்கிறேனே என்றேன், சிரித்துவிட்டு வைத்தார். அடுத்த அஷ்டமி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் காலண்டரைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் வானூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். வீட்டுக்காரர் கட்டட வேலைக்குப் புதுச்சேரிப் பக்கம் போகிறவர். காலையில் போனால் இருட்டித்தான் வருவார். வீட்டில் துணைக்கு ஒரு நாய் இருந்து, வயசாகிச் செத்துப்போனதாம்.

"அண்ணே, இது அந்த விபூதி நாய்தானே? எங்க பக்கங்கூட அந்த போட்டோ வந்திச்சி. பூசை பண்ற நாயாச்சே, நமக்கெதுக்குன்னு விட்டுட்டோம். நாங்க சர்ச்சுக்குப் போறவங்க."

"நாய்க்கு அதெல்லாம் கெடையாதும்மா. எலும்பு போடுவீங்களா?"

"ஞாயித்துக்கெழமையானா அதுக்கென்ன கொறைச்சல்? கோழி வளக்குறேன். கோழியைப் புடிக்குமாண்ணே?"

புடிக்காது என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. "தெரியாதும்மா. இங்க கோழி இல்ல. பூனையைத் தொரத்தும். ஆனா எட்டாது" என்றேன்.

"சரி, கொண்டாங்க. பாத்துட்டு சொல்றேன்" என்றார்.

அஷ்டமிக்கு முந்தின நாள் காலையில் ஆட்டோவைக் கூப்பிட்டேன். நாயை ஏற்றும்போது எதிர் டீக்கடைக்காரர் ஓடிவந்தார்.

"இன்னாண்ணே, ஊருக்கு வந்த சாமிய வெளியூருக்கு ஏத்துறீங்க? தெருவுக்கு ஆவாதுண்ணே. நாளைக்கு அஷ்டமி வேற. ஜனங்க வந்து கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

என் வீட்டுக்காரி ஆட்டோவுக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "நாளைக்கு எத்தினி வடை போடலாம்னு இருந்தீங்க?"

அவர் அசடு வழிந்தார். "அதுக்கில்லண்ணி…"

"போன மாசம் இது குப்பையாட்டம் கெடந்தப்ப நீங்களுந்தானே பாத்தீங்க? நாளைக்கு நீங்க பாத்துக்கறீங்களா? சொல்லுங்க, எறக்கிடுறோம்."

அவர் நாயைப் பார்த்தார். பிறகு கடைக்குப் போய் ஒரு பொறை ரொட்டி எடுத்துவந்து, "வழியில குடுங்க, இது எண்ணெய் இல்ல" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

வானூர் தாண்டி, சவுக்குத் தோப்புக்குள் போகிற மண் ரோட்டில் அந்த வீடு. சுற்றிலும் முள்வேலி. ஒரு வேப்பமரம். வாசலுக்கு மேல் சின்னதாக ஒரு சிலுவை. நாயைக் கீழே இறக்கினோம். அது மண்ணை மோந்துகொண்டு, நொண்டி நொண்டி உள்ளே போயிற்று. கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. நாய் நின்று காதை விறைத்தது. என் வீட்டுக்காரி என் கையைக் கிள்ளினாள்.

கூட்டத்திலிருந்து ஒரு சேவல் மட்டும் கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு நேராக நாயை நோக்கி வந்தது. ஒரே கொத்து. நாய் 'கைங்' என்று கத்திக்கொண்டு, எங்களிடம் வரவில்லை, அந்தப் பெண்ணின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அங்கிருந்து எட்டிப் பார்த்தது.

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தார். "அட பயந்தாங்கொள்ளி! இதுகிட்டேர்ந்து கோழியைக் காப்பாத்தணும்னு இருந்தேன். கோழிகிட்டேர்ந்து இதைத்தான் காப்பாத்தணும் போலக்கீது." குனிந்து அதன் தலையைத் தடவினார். "இருக்கட்டும்ணே. எங்கூட இருந்துட்டுப் போவுது."

அந்தச் சொல் காதில் விழுந்ததும் நான் வேப்பமரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்துபோய் மோர் கொண்டுவந்தார். வாங்கிக் குடித்தேன். நாங்கள் கிளம்பும்போது நாய் ஆட்டோ வரைக்கும் வந்தது. ஏறவில்லை. அந்தப் பெண் உள்ளிருந்து கூப்பிட்டதும் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது, திரும்பிப் போயிற்று. திண்டிவனம் திரும்புகிற வழியில் என் வீட்டுக்காரி, "செருப்பை உள்ள எடுத்து வைக்கச் சொல்ல மறந்துட்டோம்" என்றாள்.

மறுநாள் அஷ்டமிக்கு ஜனங்கள் வந்தார்கள். முன்னளவுக்கு இல்லை. தங்கச்சி பேசிப் போட்டதைச் சிலர் கேட்டிருந்தார்கள். "பைரவரு எங்கங்க?" என்றவர்களிடம் உள்ளதைச் சொன்னேன். ஒரு ஆள், "வர்ற லட்சுமிய எட்டி ஒதைச்சிட்டீங்க" என்று கோபமாகப் போனார். இன்னொரு அம்மா வெகுதூரத்திலிருந்து வந்தவர். வெறும் படியைப் பார்த்தார். "ஊடு கெடைச்சிடுச்சா? நல்லா இருக்கட்டும்ங்க. அன்னிக்கே அது சாப்புட்டதைப் பாத்து எனக்கு மனசு கேக்கல. சொன்னா பாவம்னு பேசாம போயிட்டேன்" என்றார். அவர் கொண்டுவந்த சாதத்தை என் வீட்டுக்காரி வாங்கி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, தெருவில் இருந்த மற்ற நாய்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வைத்தாள்.

வானூரிலிருந்து அவ்வப்போது வீடியோ வரும். நாய் உடம்பு தேறி, வேப்பமரத்தடியில் கால் நீட்டிப் படுத்திருக்கும். ஒரு வீடியோவில் சேவல் அதன் முதுகில் ஏறி நின்றிருந்தது. அதற்குப் பிறகு மில் வாசலுக்கு வந்த வேறு சில நாய்களுக்கும் பூனைக்குட்டிகளுக்கும் அதே குழு வழியாக வீடு பார்த்துக் கொடுத்தோம். எழுதுவது நான், சொல்வது என் வீட்டுக்காரி, ஒரு குறையையும் அவள் மறைக்க விடுவதில்லை. பைரவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. இதைச் சன்னதியில் நின்று சொல்லவும் எனக்குத் தைரியம் உண்டு.

ஆனால் அந்த முதல் சேதி மட்டும் இன்னும் சாகவில்லை. போன மாதம்கூட யாரோ ஒருவர் எனக்கே அனுப்பினார். இப்போது அதில் ஊர் மாறியிருக்கிறது, பலன்கள் கூடியிருக்கின்றன. எந்த ஊரில் எந்த நாய் வயிறு வீங்கிக் கிடக்கிறதோ என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் பேனாவைக் கீழே வைக்காமல் எழுதி முடித்தேன்.

படித்தவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இதை யாருக்காவது கொடுக்கவோ அனுப்பவோ தோன்றினால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் இருக்கிறபடியே அனுப்புங்கள். பெட்டை நாயை ஆண் ஆக்கிவிடாதீர்கள். மாவை மாவு என்றே விட்டுவிடுங்கள். என் தங்கச்சியைத் திட்டி ஒரு சொல் சேர்க்காதீர்கள், என்னைப் புகழ்ந்தும் சேர்க்காதீர்கள். இதை அனுப்பினால் ஒரு பலனும் இல்லை, அனுப்பாவிட்டால் ஒரு கெடுதலும் இல்லை. 'வீடு தேவை' என்று யாராவது எழுதியிருந்தால், அந்த வரி மட்டும் வழியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.